பணம் ராயபுரத்தில் தங்குமா?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 ஜனவரியில் நாட்டின் டிஜிட்டல் பொருளாதாரத்தை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அட்டவணைகள் நிறைந்த அந்த அறிக்கையில் இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும். 2022-23ஆம் ஆண்டில் நாட்டு வருமானத்தில் 11.74 சதவீதம் டிஜிட்டல் பொருளாதாரத்திலிருந்து வந்திருக்கிறது. அதில் வேலை பார்த்தவர்கள் சுமார் 1.47 கோடிப் பேர். மொத்த உழைப்பாளர்களில் 2.55 சதவீதம். நூறு ரூபாயில் ஏறக்குறைய பன்னிரண்டு ரூபாயை ஈட்டித் தருபவர்கள் நூறு பேரில் இரண்டரைப் பேர்.

பணம் பெரிது, ஆட்கள் கொஞ்சம். ஆகவே, டிஜிட்டல் பொருளாதாரம் இத்தனை லட்சம் கோடியாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, தண்டையார்பேட்டையில் பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் மகனிடம் ஓர் அப்பா, "இதில் உனக்கு எங்கேடா இடம்?" என்று கேட்டால், பொருளாதார நிபுணர்கள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்கிறார்.

நாட்டுக் கணக்கு ஒன்று. ஒரு வட்டாரத்தில் வந்து இறங்கும் கணக்கு வேறு. இரண்டாவதைப் புரிந்துகொள்ள வடசென்னை வசதியான இடம். துறைமுகம், ரயில்பெட்டித் தொழிற்சாலை, மணலியின் சுத்திகரிப்பு ஆலை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரத் தெருக்கள் என்று பழைய பொருளாதாரம் முழுவதும் இங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் நகரத்தின் மறுகோடியில் இருக்கின்றன.

டிஜிட்டல் பொருளாதாரம் என்றதும் பலருக்குக் கண்ணாடிக் கட்டடமும் கழுத்தில் அடையாள அட்டையும் நினைவுக்கு வரும். அது ஒரு பகுதிதான். மென்பொருள், தொலைத்தொடர்பு, மின்னணுப் பொருள் உற்பத்தி ஆகியவை முதல் அடுக்கு. வாடகைக் கார், உணவு, மளிகை என்று வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைக்கும் செயலிகள் இரண்டாவது அடுக்கு. வங்கி, கடை, சுங்கம் போன்ற பழைய தொழில்கள் தங்கள் வேலையைக் கணினிக்கும் கைபேசிக்கும் மாற்றிக்கொள்வது மூன்றாவது அடுக்கு. மேலே சொன்ன அறிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. வடசென்னையில் முதல் அடுக்கு மெலிந்திருக்கிறது. மற்ற இரண்டும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

எந்த அடுக்காக இருந்தாலும் ஒரு வட்டாரத்துக்கு அதனால் என்ன லாபம் என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். வேலை எங்கே நடக்கிறது? சம்பளம் எங்கே செலவாகிறது? செலவு போக மிஞ்சும் லாபம் எந்த ஊருக்குப் போகிறது? பழைய ஆலைகளில் முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. டிஜிட்டல் தொழிலில் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில்கள் வரலாம். குழப்பத்தின் வேர் அங்கேதான்.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் ஊழியர்கள் அயனாவரம், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று சுற்றுவட்டாரத்திலேயே குடியிருந்தார்கள். சம்பள நாளில் வரும் பணம் மளிகைக் கடைக்கும், தையல்காரருக்கும், டியூஷன் வாத்தியாருக்கும், வீட்டு உரிமையாளருக்கும் போனது. மளிகைக் கடைக்காரர் அதில் ஒரு பகுதியைப் பக்கத்துத் தெரு நகைக் கடையில் சீட்டுக் கட்டினார். ஒரே ரூபாய் ஊருக்குள் நான்கைந்து கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஒருவருக்கு வருமானமானது. பொருளாதாரத்தில் இதைப் பெருக்கல் விளைவு என்கிறார்கள். எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். பக்கிங்காம் அண்டு கர்நாடிக் துணி மில் 1996இல் மூடப்பட்டபோது வேலை போனது மில் தொழிலாளர்களுக்கு மட்டுமா? புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் அந்தச் சம்பளத்தை நம்பி நடந்த டீக்கடைகளும் மெஸ்களும் அடகுக் கடைகளும் அடி வாங்கின.

மென்பொருள் வேலைக்குப் பெருக்கல் விளைவு இன்னும் பெரிது. என்ரிகோ மொரெட்டி என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, உயர் தொழில்நுட்ப வேலை ஒன்று கூடினால் காலப்போக்கில் அதே நகரத்தில் வேறு துறைகளில் ஐந்து வேலைகள் கூடுகின்றன என்று மதிப்பிட்டார். ஓட்டுநர், சமையல்காரர், பல் மருத்துவர், வழக்கறிஞர், முடிதிருத்துபவர் எல்லோரும் அந்த ஐந்தில் வருவார்கள். காரணம் எளிது: அந்த ஒருவரின் சம்பளம் கனமானது, அதைச் செலவழிக்க அவருக்குப் பிறர் உழைப்பு வேண்டும். அமெரிக்கக் கணக்கு சென்னைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை அடைந்த மாற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை நம்புவது கடினமாக இருக்காது. துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் முளைத்த உணவகங்கள், பள்ளிகள், பெண்கள் விடுதிகள், உடற்பயிற்சிக் கூடங்கள் எல்லாம் அந்த ஐந்தில் அடக்கம்.

வியாசர்பாடியில் உள்ள அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள சிறுசேரியில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பெருமை. தினமும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பஸ் மாறி மாறிப் போய்வருவாள். சில மாதங்களில் அலுத்துப்போய் அங்கேயே நாலு பேரோடு சேர்ந்து ஒரு வீடு எடுப்பாள். அன்றிலிருந்து அவள் வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாம் அங்கே செலவாகும். வியாசர்பாடிக்கு வருவது அம்மாவுக்கு அனுப்பும் பணம் மட்டும். குடும்பத்துக்கு அது பெரிய மாற்றம், சந்தேகமே இல்லை. வட்டாரத்துக்கோ, படித்து முன்னேறிய ஒரு பெண் போனாள். அவளோடு அந்தப் பெருக்கல் விளைவும் போனது. தனிமனித முன்னேற்றமும் வட்டார முன்னேற்றமும் ஒன்றல்ல என்பதை வேலைவாய்ப்பு முகாம்களின் விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை.

நிறுவனங்கள் ஏன் ஒரே சாலையில் போய்க் குவிகின்றன? ஏற்கெனவே அங்கே நிறுவனங்கள் இருப்பதுதான் பாதிக் காரணம். ஆள் வேண்டும் என்றால் பக்கத்துக் கட்டடத்திலிருந்து இழுக்கலாம். வேலை பிடிக்கவில்லை என்றால் ஊழியர் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவலாம். சௌகார்பேட்டையில் அடகுக் கடைகளும் நகைக் கடைகளும் ஒரே இடத்தில் குவிந்ததற்கும் இதே காரணம்தான். இணையம் வந்தால் எங்கிருந்தும் வேலை செய்யலாம், தூரம் செத்துவிட்டது என்றெல்லாம் எழுதினார்கள். நடந்தது என்னவோ நேர்மாறு.

இனி மூன்றாவது அடுக்கு: கணினிக்கு மாறும் பழைய தொழில்கள். எனக்கு மிகவும் ஆர்வமூட்டும் பகுதி இதுதான்; பேச்சில் அதிகம் அடிபடாததும் இதுதான்.

பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மூர் தெரு பக்கம் போனால் மாடிக்கு மாடி கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கைச் சுங்கத் துறையிடமிருந்து விடுவித்துத் தருவது இவர்கள் தொழில். பல காலம் இந்தத் தொழில் காலால் நடந்தது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனத்தின் ரசீது, உரிமச் சான்று என்று ஒரு கட்டுத் தாளைக் கோப்பில் போட்டுக்கொண்டு அலுவலகப் பையன் ராஜாஜி சாலையில் உள்ள கஸ்டம்ஸ் ஹவுசுக்கு நடப்பான். ஒரு மேஜையில் கையெழுத்து, அடுத்த மேஜையில் கேள்வி, திரும்ப வந்து ஜெராக்ஸ், மறுபடி நடை. பள்ளிப் படிப்போடு நின்ற ராயபுரத்துப் பையன்கள் எத்தனையோ பேர் இந்த நடையில் தொழில் கற்று, பிறகு சொந்தமாகவே அலுவலகம் போட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரிக் கடை, ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர், டீக்கடை எல்லாம் இந்த நடையை ஒட்டிப் பிழைத்தன.

சரக்கு விவரங்களைச் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்வது முன்பே கணினிக்கு மாறியிருந்தது. 2018இல் துணை ஆவணங்களையும் இணையத்திலேயே ஏற்ற வேண்டும் என்றானது. 2020 ஜூன் 8 அன்று, முகம் பார்க்காத மதிப்பீடு என்ற முறையின் முதல் கட்டம் பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் கடைசிக்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் பத்திரத்தை வேறொரு நகரத்து அதிகாரி தன் திரையில் பார்த்து மதிப்பிடலாம். எந்த அதிகாரி என்று ஏஜென்டுக்குத் தெரியாது. மேஜைக்கு மேஜை அலைச்சல் குறைந்தது; முகம் பார்த்து நடந்த மற்ற சமாச்சாரங்களும் குறைந்திருக்க வேண்டும் என்று நம்புவோம். இறக்குமதியாளருக்கு நேரம் மிச்சம். ஆனால், கோப்போடு நடந்த பையனுக்கு அங்கே இப்போது என்ன வேலை?

இங்கே ஒரு விதி தெரிகிறது. பொருள் நகரும் வேலை ஊரிலேயே இருக்கிறது. கன்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். டிரெய்லர் ஓட்டுநர், பளு தூக்குபவர், மணலி பக்கத்துக் கன்டெய்னர் கிடங்கில் பெட்டியைத் திறந்து காட்டுபவர் எல்லோரும் வேண்டும். தாள் நகரும் வேலைக்கு ஊர் இல்லை. அது மும்பைக்கும் போகும், மென்பொருளுக்குள்ளும் போகும். அதே சமயம் அங்கிருந்து இங்கும் வரும்: தம்புச் செட்டித் தெருவில் உட்கார்ந்துகொண்டே தூத்துக்குடிச் சரக்குக்கு ஒருவர் தாக்கல் செய்யலாம். யாருக்கு வேலை கூடியது, யாருக்குக் குறைந்தது என்று பார்த்தால், கணினியில் வரி விதிப்புப் பட்டியலைப் படித்துப் பொருளை வகைப்படுத்தத் தெரிந்தவருக்குக் கூடியது. நடக்க மட்டும் தெரிந்தவருக்குக் குறைந்தது. அந்தத் திறமையை அவர் கற்றுக்கொண்டதே நடந்து நடந்துதான். ஏணியின் கீழ்ப்படி போய்விட்டால் மேல்படிக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு இந்தத் தொழிலில் இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

இரண்டாவது அடுக்கான செயலிகளுக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே ஆள் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020-21இல் நாட்டில் கிக் தொழிலாளர்கள், அதாவது நிரந்தர வேலையில்லாமல் செய்யும் வேலைக்கு வேலை கூலி பெறுபவர்கள், 77 லட்சம் பேர். 2029-30இல் அது 2.35 கோடியாகும். வேலை, வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் இருக்கிறது. எனவே, கொருக்குப்பேட்டையில் வீடு இருந்தாலும் டெலிவரி ஊழியர் பைக்கை ஆர்டர் அதிகம் விழும் பகுதிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பெட்ரோல் அவருடையது, வண்டித் தவணை அவருடையது, மழைக்கோட்டும் அவருடையது. கையில் வரும் வருமானத்திலிருந்து இவற்றைக் கழிக்காமல் மாதம் இவ்வளவு என்று சொல்லப்படும் எந்தத் தொகையையும் நம்ப வேண்டாம்.

ஆனாலும், நம் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு இந்த வேலை நல்ல பதில் தருகிறது. டெலிவரி ஊழியர் இரவு கொருக்குப்பேட்டைக்கே திரும்புகிறார். சம்பாத்தியம் அங்கேயே செலவாகிறது. லாபம்தான் வெளியே போகிறது. ராயபுரத்து பிரியாணிக் கடையில் நேரில் போய் 200 ரூபாய்க்கு வாங்கினால் முழுத் தொகையும் கடைக்காரர் கையில். அதையே செயலியில் வாங்கி, நாலில் ஒரு பங்கு கமிஷன் என்று வைத்துக்கொண்டால், 50 ரூபாய் அந்தக் கணமே ஊரை விட்டுப் போய்விடுகிறது. செயலி இல்லாவிட்டால் அந்த ஆர்டரே வந்திருக்காது என்றால் 150 ரூபாய் புது வரவு. கடைக்கு வழக்கமாக நடந்து வந்தவரே சோம்பலில் செயலிக்கு மாறியிருந்தால் 50 ரூபாய் சுத்த நஷ்டம். ஒரு கடைக்கு எது உண்மை என்பதை அந்தக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகம்தான் சொல்லும்.

லாபம் ஒருபுறம் இருக்கட்டும், இந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசுவது யார்? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டு உருவானது; இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. சங்கத் தலைவர்கள் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் பேசியதைக் கேட்க ஆள் கூடியதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு: எல்லோரும் ஒரே வாசல் வழியாக, ஒரே சங்கு ஊதும் நேரத்தில் வெளியே வந்தார்கள். செயலித் தொழிலுக்கு வாசல் கிடையாது. அதனால்தான் சட்டம் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் செயலித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் 2023இல் அமைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர்களின் நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதம் என்பது அதற்கு உச்சவரம்பு.

பணப் பரிமாற்றம் தனிக் கதை. யுபிஐ 2016இல் வந்தது; 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. உணவுச் செயலிக்கும் யுபிஐக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு: 2020 ஜனவரி முதல் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் பெறும் வியாபாரியிடம் அதற்கான கட்டணம் பிடிப்பதில்லை. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை இருக்கலாம், அவ்வளவுதான். நூறு ரூபாய் அனுப்பினால் நூறு ரூபாய் வந்து சேர்கிறது. கசிவில்லாத குழாய் இது.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்கும் அம்மாவுக்கு இது என்ன செய்யும்? அவருடைய முதலீடு பல நேரம் தண்டல் பணம், அதாவது தினமும் தவணை கட்டும் வட்டிக் கடன். உதாரணத்துக்கு, பத்தாயிரத்துக்கு 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கொடுத்தால், நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 120 சதவீதத்தைத் தொடும். தண்டல்காரர் ஏன் இவரிடம் துணிந்து கொடுக்கிறார், வங்கி ஏன் கொடுப்பதில்லை? இவருக்கு நாள்தோறும் எவ்வளவு விற்கிறது என்று தண்டல்காரருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. கியூஆர் கோடு வழியாக வரும் பணம் அந்த விற்பனையை வங்கிக் கணக்கில் எழுதி வைக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கென 2020இல் மத்திய அரசு தொடங்கிய கடன் திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் கொடுத்தார்கள். டிஜிட்டலில் பணம் வாங்குபவர்களுக்குச் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. தண்டலிலிருந்து வங்கிக்கு மாறும் ஒவ்வொரு பத்தாயிரத்திலும் மிச்சமாகும் வட்டி அந்தத் தெருவிலேயே தங்குகிறது. பெரிய முதலீட்டு அறிவிப்புகளைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. கூடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை யார் கணக்கைச் சேர்ந்தது என்று பாருங்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் கைபேசி என்றால் அட்டை மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். சுருக்குப்பையில் விழுந்த பணம் அவருடையது. மகன் கணக்கில் விழுந்த பணத்துக்கு அவர் மகனைக் கேட்க வேண்டும். கடன் பெறுவதற்கான வரலாறும் மகன் பெயரிலேயே சேர்கிறது.

போட்டியும் மாறியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். செயலியில் மீன் விற்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பெரிய சந்தையோடு சேர்ந்துகொள்வதில் லாபம், நஷ்டம் இரண்டும் உண்டு.

சேர்ந்துகொண்டு லாபம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் வாட்ஸ்அப்பில் புடவைப் படம் அனுப்பி, ஆர்டர் வந்த பிறகு கடையில் எடுத்துப் பார்சல் போடும் பெண்களை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். கடை வாடகை இல்லை, முதலீடு கொஞ்சம், வாங்குபவர் மதுரையில் இருந்தாலும் லாபம் வண்ணாரப்பேட்டையில். வெளியூர்ப் பணம் உள்ளே வந்து உள்ளூரிலேயே தங்கும் டிஜிட்டல் வேலை இது; மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில். 2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே உள்ள சிறு வியாபாரிகள் பதிவு இல்லாமலேயே ஆன்லைன் தளங்கள் வழியாகத் தங்கள் மாநிலத்துக்குள் பொருள் விற்கலாம் என்று தளர்த்தியதும் இத்தகையவர்களுக்கு உதவும்.

அரசும் முதல் அடுக்கை வடக்கே கொண்டுவர முயல்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. பகிர்ந்து பணிபுரியும் இடமும் படிக்கும் இடமும் அங்கே உண்டு; நிறுவனம் நடத்த அலுவலகம் எடுக்க முடியாத ஒருவர் மேஜையொன்றை வாடகைக்கு எடுக்கலாம். அதே மாதம் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தது. அது ஆவடிப் பக்கம், வடமேற்கு. துறைமுகத்தை ஒட்டிய வார்டுகளுக்கு அது தூரம்.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் பாதை அமைந்துகொண்டிருக்கிறது. மூலக்கடை, செம்பியம், பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம் வழியாகத் தெற்கே போகும் பாதை. மேலே சொன்ன வியாசர்பாடிப் பெண் வீடு மாறாமல் வேலைக்குப் போய்வர அது உதவலாம். அப்படியானால் சிறுசேரிச் சம்பளம் மாலையில் பெரம்பூரில் இறங்கும். சிறுசேரியில் வேலை பார்க்கும் மற்றவர்களும் வாடகை குறைவென்று இந்தப் பக்கம் குடிவரலாம். கடைக்காரருக்கு அது நல்ல செய்தி. ஓட்டேரியில் ஒற்றை அறை வாடகைக்கு இருக்கும் சுமைத் தொழிலாளிக்கு, அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் சொல்லும் தொகையில்தான் அதன் பலன் தெரியவரும்.